ஊராத்துறை முதல் ஊர்காவற்றுறை வரை: ஒரு தீவுத் துறையின் வாணிக வாழ்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே, ஆழங்குறைந்த கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் வேலணைத்தீவும் ஒன்றாகும். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டியபொழுது இதனை லைடன் என்றனர்; காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும், நெடுந்தீவை டெல்வ்ற் என்றும் அழைத்தனர். வேலணைத்தீவின் வடமேற்கு முனையிலே, காரைநகரை எதிர்நோக்கியவாறு, ஊர்காவற்றுறை என்னும் சிறு பட்டினம் அமைந்திருக்கின்றது. ஒரு கடைத்தெரு, ஓர் இறங்குதுறை, ஒரு நீதிமன்றம், ஒரு வைத்தியசாலை, சில கோயில்கள், சில பாடசாலைகள் என்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவே அதன் நகரத் தோற்றம். எனினும், இலங்கைத் தீவின் வாணிக வரலாற்றிலே இவ்வூர் பெற்றிருந்த இடம் அதன் பரப்பைக்கொண்டு அளவிடத்தக்கதன்று.

ஒரு துறை ஏன் ஓரிடத்தில் எழுகின்றது என்னும் வினாவுக்கு முதல் விடையைத் தருவது கடலே. யாழ்ப்பாண நகரம் கடனீரேரியின் கரையில் இருப்பினும், அவ்வேரி மிக ஆழமற்றது. பெரிய பாய்க்கப்பல்கள் நகரத்தை அணுகுதல் இயலாது. ஆனால் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய கால்வாயிலே கலங்கள் நங்கூரமிடத்தக்க ஆழம் உண்டு; இருபுறமும் நிலம் அணைத்து நிற்பதாற் காற்றின் வேகமும் தணிந்திருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை முதலிய வடகரைத் துறைகள் திறந்த கடலின் சீற்றத்துக்கு இலக்காகிவிடும். அக்காலத்திற் கலங்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஊர்காவற்றுறையே தக்க புகலிடமாயிற்று. ஆகவே கப்பலிற் கொண்டுவந்த பொருள்களை இங்கே இறக்கி, வத்தைகளிலும் தோணிகளிலும் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. நகரத்தின் வாசல் நகரத்தில் இல்லை. கடலுக்கு அப்பால் ஒரு தீவின் முனையில் இருந்தது. யாழ்ப்பாணத்தின் பொருளியலை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இவ்வுண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இத்துறையின் பழம்பெயர் ஊராத்துறை என்பதாகும். பாளி நூலாகிய சூளவம்சம் இதனைச் சூகரதித்த எனக் குறிப்பிடும். சிங்களத்தில் ஊராதொட்ட எனப்படும். சோழர் கல்வெட்டுக்களிலும் ஊராத்துறை என்ற பெயர் காணப்படுகின்றது. பிற்காலத்து மக்கள் வழக்கில் இப்பெயர் திரிந்து, ஊரைக் காக்கும் துறை என்று பொருள்படும் ஊர்காவற்றுறை ஆயிற்று. புலவர்கள் இதனைக் காவலூர் என்று சுருக்கி வழங்கினர். போர்த்துக்கேயர் தம் மொழியிற் கப்பற்றுறையைக் குறிக்கும் சொல்லால் இதனை அழைக்க, அச்சொல்லே ஆங்கிலர் வாயிற் கயிட்ஸ் என வழங்கலாயிற்று. பெயர்கள் பலவாயினும் அவையனைத்திலும் துறை என்னும் பொருளோ, காவல் என்னும் பொருளோ தங்கியிருத்தல் கருதத்தக்கது. துறையும் காவலும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதை இவ்வூரின் வரலாறு முழுவதும் உணர்த்தும்.

அவ்வரலாற்றின் மிகச் சிறந்த சான்று ஊர்காவற்றுறையில் இல்லை. அயற்றீவாகிய நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. பொலனறுவையிலிருந்து 1153ஆம் ஆண்டு முதல் 1186ஆம் ஆண்டு வரை ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டு அது. இதனை விரிவாக ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டவர் வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா அவர்கள். கல்வெட்டின் ஒரு பகுதி சிதைந்துள்ளபோதிலும் அதன் கருத்துத் தெளிவாகவே விளங்குகின்றது. பரதேசிகளாகிய வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்குதல் வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படல் வேண்டும். பல துறைகளிலிருந்தும் அவர்கள் வந்து கூடுதல் வேண்டும் என்பது அதன் முதற் பகுதி. ஆனைகளையும் குதிரைகளையும் கொண்டுவரும் கலங்கள் உடைந்து கெடுமாயின், மீட்கப்படும் பொருளில் நாலிலொரு பங்கே அரச பண்டாரத்துக்குரியது. மூன்று பங்கும் உடையவனுக்கே விடப்படல் வேண்டும். ஏனைய வாணிகப் பொருள்களை ஏற்றிவந்த கலம் உடையுமாயின், செம்பாகம் பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு. இவ்வேற்பாடு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது என்றும் அச்சாசனமே கூறுகின்றது.

சிங்கள நாட்டு வேந்தன் ஒருவன் தன் கட்டளையைத் தமிழிற் பொறிப்பித்தமைக்குக் காரணம் தேடுவதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கட்டளை எவர்க்கு உரியதோ அவர் மொழியில் அமைதலே முறை. அக்காலத்துத் துறைகளில் வாணிகரின் பொதுமொழியாகத் தமிழ் விளங்கியது. சட்டம் வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டதேயன்றி, மன்னன் பெருமையை எடுத்துரைப்பதற்காக மட்டும் எழுதப்படவில்லை. இறுதியிலே மன்னன் பெயரைக் கூறும் பகுதி வடமொழியில் அமைந்தது. வணிகனுக்கு வேண்டிய விதிகள் தமிழில் அமைந்தன.

நாலிலொன்று, இரண்டிலொன்று என்னும் இக்கணக்கு இன்றைய செவிக்குக் கடுமையானதாகத் தோன்றலாம். கடலிற் பொருளை இழந்து கரையேறியவனிடமிருந்து அரசன் பாதியைப் பறிப்பதா என்று வினவலாம். ஆனால் அந்நாளைய வழக்கத்தோடு ஒப்பிடும்போதுதான் இதன் பெருமை புலனாகும். கரையொதுங்கிய கலத்தின் பொருள் முழுவதும் அந்நிலத்து அரசனுக்கே உரியது என்பது பல நாடுகளில் நிலவிய நடைமுறை. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியிற் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவிற் பொறிப்பித்த அபய சாசனம் இதனை வெளிப்படையாகவே உரைக்கின்றது. முன்னிருந்த அரசர்கள் புயலால் உடைந்து ஒதுங்கிய கலங்களின் பொருள்களைக் கவர்ந்துகொண்டனர் என்றும், தான் உரிய சுங்கத்தையன்றி வேறெதனையும் கொள்வதில்லை என்றும் அம்மன்னன் அறிவித்தான். மோட்டுப்பள்ளிச் சாசனத்தின் வாக்குறுதி மேலானதே. ஆயினும் ஊராத்துறைச் சாசனம் அதற்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு முற்பட்டது. அரசன் தன் உரிமைக்குத் தானே ஓர் எல்லை வகுத்து, அவ்வெல்லையைக் கல்லிற் பொறித்து, எவரும் எடுத்துக்காட்டி வழக்குரைக்கத்தக்கதாக நிறுத்தினான் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஆனைக்கும் குதிரைக்கும் மட்டும் சலுகை மிகுந்தது ஏன்? அவ்விரண்டும் படைக்கு வேண்டியவை என்பதே விடையாகும். ஈழத்துக் காடுகளில் ஆனைகள் நிறைந்திருக்க, வெளிநாட்டு ஆனையை மன்னன் விரும்பியது வியப்பாகத் தோன்றலாம். ஈழத்து ஆண் ஆனைகளுட் கொம்புடையவை மிகச் சிலவே. கொம்பன் ஆனைகளின் தேவை இறக்குமதிக்கு ஒரு காரணமாயிருத்தல் கூடும். பர்மிய அரசனாகிய இராமஞ்ஞ தேசத்தான் ஆனை விலையை உயர்த்தி, விற்பனையையும் தடைசெய்ததனால் மூண்ட பகையையும், பராக்கிரமபாகு அந்நாட்டின்மீது கப்பற்படை அனுப்பியதையும் சூளவம்சம் விரித்துரைக்கின்றது. ஒரு விலங்கின் விலைக்காகக் கடல் கடந்து போர் தொடுத்த மன்னன், அவ்விலங்கை ஏற்றிவரும் வணிகனுக்கு முக்காற் பங்கை விட்டுக்கொடுத்ததில் வியப்பில்லை. அவனுடைய தாராளம் கணக்கறிந்த தாராளமாகும். நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள முன்வருபவனிடமே வணிகன் சரக்கைக் கொண்டுசெல்வான் என்பதை அவன் அறிந்திருந்தான்.

ஆயினும் அதே துறை படைத்துறையாகவும் பயன்பட்டது. பாண்டிய நாட்டு அரசுரிமைப் போரிலே தலையிட்ட பராக்கிரமபாகு, சோழரோடு நேர்ந்த மோதலில், ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களிற் படை திரட்டிக் கலங்கள் கட்டுவித்தான். இச்செய்தியைத் திருவாலங்காட்டிலுள்ள இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துக் கல்வெட்டுத் தருகின்றது. அதனை அறிந்த சோழர் தரப்பினர் எதிர்ப்படை அனுப்பி அவ்விடங்களை அழித்து, ஆனைகளையும் கைப்பற்றினர். வணிகனை அழைத்த துறையிலேயே போர்க்கலமும் கட்டப்பட்டமையால், வணிகனுக்கு வாக்களிக்கப்பட்ட பாதுகாப்பும் போர்த் தீயில் வெந்தது. இவ்விரு கல்வெட்டுக்களையும் ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு ஒரு சிறு துறையின் இருவேறு விதியும் ஒருங்கே தோன்றும்.

பின்னர் யாழ்ப்பாணத்தில் ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சி நிலைபெற்றபொழுது வடகடல் வாணிகம் அவர்கள் கைக்கு மாறியது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அராபியப் பயணி இபின் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியின் சிறியனவும் பெரியனவுமான நூறு கலங்களை மாபர் கரையில் ஒரு முறை கண்டதாக எழுதியுள்ளார். அத்தகைய கடல் வலிமையுடைய அரசுக்கு, நங்கூரத் துறையாகிய ஊர்காவற்றுறை எத்துணை இன்றியமையாததாய் இருந்திருக்கும் என்பதை ஊகித்தல் எளிது.

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட ஆனைகள் இத்துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டமையால், ஆனைத்துறை என்னும் கருத்துப்பட அவர்கள் இதனை வழங்கினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆனையை வரவேற்ற துறை, பதினேழாம் நூற்றாண்டில் ஆனையை வழியனுப்பும் துறையாயிற்று. துறை ஒன்றே, அரசர்களின் தேவை மாறவே சரக்கின் திசையும் மாறிற்று. கால்வாயின் வாயிலைக் காப்பதற்குப் போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறைக் கரையில் ஒரு கோட்டையையும், எதிரே கடல் நடுவிலுள்ள சிறு திட்டில் மற்றொரு கோட்டையையும் எழுப்பினர். கரைக்கோட்டை இடிந்து, சுவர்களின் மிச்சமே எஞ்சியுள்ளது. கடல் நடுவிலுள்ளதையே மக்கள் கடற்கோட்டை என்பர்.

கடற்கோட்டையின் வீழ்ச்சி தீவு வாழ்க்கையின் அடிப்படை உண்மை ஒன்றை உணர்த்துவதாகும். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற வந்தபொழுது இக்கோட்டையையும் முற்றுகையிட்டனர். சுற்றிலும் நீர், உள்ளே குடிக்க நீரில்லை. பீரங்கிக்கு அஞ்சாத காவற்படை தாகத்துக்கு அடிபணிந்தது. அதன்பின் யாழ்ப்பாணக் கோட்டையும் அவ்வாண்டு ஆனி மாதத்தில் வீழ்ந்தது. ஒல்லாந்தர் கடற்கோட்டையைத் திருத்திக் கட்டி, அதற்கு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். இலங்கைத் தீவின் வடிவம் உப்பிட்ட பன்றித் தொடையை ஒத்தது எனவும், இக்கோட்டை அதன் குதிக்கால் எனவும் அவர்கள் கருதினர்.

நன்னீர்ப் பஞ்சம் கோட்டைக்கு மட்டும் உரியதன்று. தீவுகளின் நிலம் சுண்ணக்கற் பாறையாலானது. மாரிமழை நிலத்தில் ஊறி, உப்புநீரின்மீது மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர் விலகி உவர்நீர் ஏறிவிடும். ஆகவே கலங்களுக்கு வேண்டிய குடிநீரும் துறையின் சரக்குகளுள் ஒன்றாகவே எண்ணத்தக்கதாயிற்று. நல்ல கிணறுடையவன் நல்ல காணியுடையவனிலும் மேலானவனாக மதிக்கப்பட்டான்.

ஒல்லாந்தர் காலத்தில் ஆனை வாணிகம் பெருவருவாய் தரும் தொழிலாயிற்று. வன்னியர் திறையாகக் கொடுத்தவையும் காட்டிற் பிடிக்கப்பட்டவையுமான ஆனைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. கோல்கொண்டா, வங்காளம் முதலிய தேசங்களின் வணிகர் அவற்றை வாங்குவதற்கு வந்தனர். வந்த கலங்கள் வெறுங்கலங்களாக வருவதில்லை. துணியும் நெல்லும் அரிசியும் கொண்டுவந்து, ஆனையோடு பாக்கு, சங்கு, பனைமரம் ஆகியவற்றையும் ஏற்றிச்சென்றனர். துணிக்குச் செஞ்சாயம் தரும் சாயவேரும் இக்கரைகளிற் கிண்டியெடுக்கப்பட்டு ஏற்றுமதியாயிற்று. ஒரு பெரும் சரக்கின் பொருட்டு வரும் கலம் நூறு சிறு சரக்குகளுக்கு வழி திறந்துவிடும். ஊர்காவற்றுறைச் சிறுவணிகனின் பிழைப்பு அவ்வழியிலேதான் நடந்தது.

ஆனால் ஒல்லாந்தக் கும்பனியார் சுதந்திர வாணிகத்தை விரும்பினாரல்லர். கலங்கள் அனுமதிச் சீட்டின்றி ஓடலாகாது; இன்ன பொருளை இன்ன இடத்திலேதான் விற்கலாம்; இன்ன பொருளைக் கும்பனிக்கே கொடுக்க வேண்டும் என்று கட்டுப்பாடுகள் பெருகின. யாழ்ப்பாணத்துக்கு அரிசி தரும் தென்னிந்தியக் கரையோடு நடந்த வாணிகத்தையும் இக்கட்டுப்பாடுகள் தாக்கின. யாழ்ப்பாணத்தவரான வரலாற்றுப் பேராசிரியர் சி. அரசரத்தினம் அவர்கள், ஒல்லாந்தரின் இலங்கை ஆதிக்கம்பற்றி 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலில் இக்கொள்கையின் விளைவுகளை ஆராய்ந்துள்ளார். பராக்கிரமபாகு வணிகனை வருக என்று அழைத்துத் தன் பங்கைக் குறைத்துக்கொண்டான். கும்பனியோ வணிகனின் பங்கைத் தன் பங்காக்க முயன்றது. இருவரும் வேண்டியது வருவாயே. ஆயினும் முன்னவன் வழியில் துறை வளர்ந்தது. பின்னவர் வழியில் மக்கள் கரவாகக் கலமோட்டக் கற்றுக்கொண்டனர்.

1795ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஆங்கிலர் வசமாயிற்று. ஆனை வாணிகம் காலப்போக்கில் மங்கியது. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஊர்காவற்றுறைக்கு வேறொரு வகையில் வளமான காலமாகும். குடாநாட்டு நெல் குடாநாட்டு மக்களுக்குப் போதுவதில்லை. ஆகவே அரிசி கடல்வழியே வந்துகொண்டிருத்தல் வேண்டும். நாகபட்டினம் முதலிய சோழமண்டலத் துறைகளிலிருந்து அரிசியும் துணியும் மட்பாண்டமும் ஓடும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து பனைமரத்தில் அறுத்த வளைகளும் சலாகைகளும் அக்கரை வீடுகளுக்குக் கூரையாகச் சென்றன. சங்கு வங்காளத்துக்குச் சென்று வளையலாயிற்று. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. அந்நாட்டரசின் தீர்வை உயரும்போதெல்லாம் இங்கே தோட்டக்காரன் வீட்டில் அடுப்புத் தணிந்தது. ஒரு தீவுத் துறையின் கணக்கேட்டில் மூன்று நாட்டு அரசுகளின் கட்டளைகள் இலாபமாகவும் நட்டமாகவும் பதிவாயின.

இத்தகைய துறையிற் பிழைப்பு நடத்துவோர் கப்பலுடையவர் மட்டுமல்லர். கலத்தை நடத்தும் தண்டையல், அவனுக்குக் கீழ்ப்பட்ட கலாசிகள், பாய் தைப்போர், கலம் பழுதுபார்க்கும் ஓடாவிமார், கயிறு திரிப்போர், மூடை சுமப்போர், சரக்கை நிறுப்போர், வண்டிக்காரர், சுங்கக் கந்தோரில் எழுதுவோர், இவர்களுக்குச் சோறு சமைத்து விற்போர் என்று பலர் ஒரு கலத்தின் வரவை நம்பி வாழ்ந்தனர். காற்று நின்றால் வேலை நின்றது. வாடை முறுகியும் சோளகம் முறுகியும் கலங்கள் வராத வாரங்களிற் கடைக்காரன் கடன் கொடுத்தே ஆக வேண்டும். கொடாவிடின் அவனுடைய கடைக்கு வரும் முகங்களே இல்லையாகிவிடும். பெருநகரத்து வணிகன் கடன் தீராதவனை மறந்துவிட்டு வேறொருவனுக்கு விற்கலாம். தீவுப் பட்டினத்தில் அஃது இயலாது. கடன்பட்டவன் அயலவன், அவன் மகள் திருமணத்துக்குக் கடைக்காரன் செல்ல வேண்டும், கோயிற் திருவிழாவில் இருவரும் ஒரு தேரின் வடத்தைப் பிடிக்க வேண்டும். ஆகவே சிறுதீவு வாணிகத்தில் இலாபத்தை வரையறுப்பது சந்தை விலை மட்டுமன்று. நாளைக்கும் அதே தெருவில் அதே மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்னும் நினைவும் ஆகும்.

இதனாலே நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நம்பிக்கையின் பேரிற் பொருள் கைமாறியது. பத்திரம் எழுதாமலே பணம் திரும்பியது. ஆனால் வாங்குவோர் சிலராகையால் விற்பனை விரியவில்லை. ஒருவன் புதிதாகக் கடை திறந்தால் மற்றொருவனின் வருவாய் குறைந்தது. சரக்கு அனைத்தும் கடல் கடந்து வருவதால் ஏற்றுகூலி, இறக்குகூலி, சேதம் ஆகியவை விலையில் ஏறின. சாதி வரம்புகளும் துறைத்தொழில்களை இன்னாருக்கு இன்னது என்று பிரித்துவைத்தன. சிறு பட்டினம் எல்லோரையும் அறியும். ஆனால் எல்லோர்க்கும் இடமளிக்காது. முயற்சியுள்ள இளைஞர் வெளியேறியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

துறையின் தேய்வு படிப்படியாக நேர்ந்தது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான இருப்புப்பாதை 1902ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டில் அது தென்னிலங்கைப் பாதையோடு இணைந்தது. கொழும்புக்குச் செல்லும் மனிதரும் சரக்கும் கடலைக் கைவிட்டு இரும்புத் தண்டவாளத்தை நாடின. பாய்க்கப்பலின் இடத்தைப் பிடித்த பெரிய நீராவிக் கப்பல்களுக்கு இக்கால்வாயின் ஆழம் போதவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பங்கீடு ஏற்பட்டதும், அரிசி வாணிகம் வணிகர் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. சுதந்திரத்தின் பின் குடிவரவுச் சட்டங்களும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் பாக்கு நீரிணையை இரு நாடுகளுக்கிடையிலான எல்லையாக்கின. தந்தையும் பாட்டனும் அயலூருக்குச் செல்வதுபோற் சென்றுவந்த நாகபட்டினம், மகனுக்கு அனுமதிப் பத்திரமின்றிச் செல்லலாகாத அந்நிய தேசமாயிற்று. வடபுலக் கப்பற்கலையின் இறுதிச் சுடரென, வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் நகரை அடைந்தது. அது வாங்கியவன் நாட்டுக்குச் சென்ற பயணம். அக்கலம் மீண்டும் இக்கரைக்கு வணிகம் செய்ய வரவில்லை.

துறை தேய்ந்தபொழுதும் தீவு மக்களின் வணிகத்திறன் தேயவில்லை, அஃது இடம்பெயர்ந்தது. காரைநகர், புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை ஆகிய ஊர்களிலிருந்து சென்றவர்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் மலைநாட்டிலும் பலசரக்குக் கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் சுருட்டுக் கடைகளையும் நடத்தினர். தீவிலே கற்ற பாடங்களையே அங்கும் கைக்கொண்டனர். விடியுமுன் கடை திறத்தல், அறிந்த முகத்துக்குக் கடன் கொடுத்தல், ஊரிலிருந்து உறவுப் பையனை வருவித்துத் தொழில் பழக்கல், ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கு ஊர் திரும்பல் என்பன அவர்களின் ஒழுங்காயின. அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரிற் கோயில்கள் புதுக்கப்பட்டன; பாடசாலைகள் எழுந்தன; கல்வீடுகள் தோன்றின. அயலூரவன் என்று அறியப்பட்டும், சிங்கள மொழியைப் பேசப் பழகி, அவ்வூர் மக்களின் நம்பிக்கையைப் பெற்றே அவர்கள் வாழ்ந்தனர். ஊராத்துறைக்கு வந்த பரதேசி வணிகனின் நிலைமையில் இப்போது ஊர்காவற்றுறையான் இருந்தான்.

அவனுக்கு வேண்டியதும் அப்பழைய வணிகனுக்கு வேண்டியதே. 1958ஆம் ஆண்டிலும், 1977ஆம் ஆண்டிலும், எல்லாவற்றிலும் மிகக் கொடியதாக 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலும் நிகழ்ந்த வன்செயல்களிலே தமிழர் கடைகள் எரிந்தன, உயிர்களும் அழிந்தன. ஒரு தலைமுறை சேர்த்த பொருள் ஓர் இரவிற் சாம்பராயிற்று. உடைந்த கலத்தின் பொருளிற் பாதியையேனும் உடையவனுக்கு விடச் சட்டமிருந்த நாட்டில், எரிந்த கடையின் உடையவனுக்கு மிஞ்சியது அவன் உடுத்திருந்த வேட்டி மட்டுமே ஆன சம்பவங்கள் பல. கடலால் நேரும் நட்டத்துக்கு ஈடு வகுக்கலாம். காவல் தவறுவதால் நேரும் நட்டத்துக்கு ஈடு வகுத்தல் மிகக் கடினம். ஏனெனிற் பொருளோடு நம்பிக்கையும் அழிந்துவிடுகின்றது.

1990ஆம் ஆண்டின் பின் போர் தீவுகளையும் தாக்கியது. ஊர்காவற்றுறை மக்களிற் பெரும்பாலோர் வீடுகளையும் கடைகளையும் விட்டு இடம்பெயர்ந்தனர். கூரையிழந்த பண்டகசாலைகளும், மரம் முளைத்த கல்வீடுகளும், ஆளரவமற்ற தெருக்களும் நெடுங்காலம் அவ்வூரின் தோற்றமாயிருந்தன. சிலர் குடாநாட்டிலும் கொழும்பிலும் தங்கினர்; பலர் கடல் கடந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறி, அங்கும் சிறு கடைகளைத் திறந்தனர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டனர். கடற்கோட்டை கடற்படையின் பொறுப்பில் உல்லாசப் பயணிகள் தங்குமிடமாக மாற்றப்பட்டது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, பாலமில்லாக் கால்வாயில், மக்கள் பாதை என்று வழங்கும் மிதவை மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்றுவரும் வழக்கம் போர்க்கு முன்னும் பின்னும் தொடர்ந்தது. தரையில் உள்ள வழியைத் தெரு என்றும், கடலில் ஓடும் மிதவையைப் பாதை என்றும் கூறும் அம்மக்களின் பேச்சிலே, கடலே அவர்களின் நெடுவழி என்னும் பழைய நினைவு தங்கியிருக்கின்றது.

ஊர்காவற்றுறையின் எண்ணூறாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். இவ்வூர் தன் மண்ணின் விளைவால் வாழ்ந்த ஊரன்று. வந்தவனின் நம்பிக்கையால் வாழ்ந்த ஊர். ஆழமான கால்வாயைக் கடல் தந்தது. ஒதுங்க இடத்தை நிலம் தந்தது. ஆனால் பொருளோடு வந்தவன் பொருளோடு திரும்பலாம் என்னும் உறுதியை மனிதரே தரவேண்டியிருந்தது. அவ்வுறுதி இருந்த காலங்களில் ஆனையும் குதிரையும் அரிசியும் துணியும் இத்துறையை நாடி வந்தன. அவ்வுறுதி குலைந்த காலங்களில், ஆழமும் ஒதுக்கும் அப்படியே இருப்பவும், துறை வெறுமையாய்க் கிடந்தது.

நயினாதீவுக் கல்லில் எழுத்துக்கள் சில மழுங்கிவிட்டன. ஆயினும் அதன் பொருள் மழுங்கவில்லை. வாணிகம் செய்வோன் எம்மொழி பேசுவோனாயினும், எத்திசையிலிருந்து வருவோனாயினும், அவனைக் காப்பது அரசின் கருணையன்று, கடமை என்பதே அக்கல் உரைப்பது. சிங்கள வேந்தன் தமிழிற் பொறித்து, ஒரு சிறு தீவுத் துறைக்குக் கொடுத்த அவ்வாக்கு இத்தீவு முழுவதற்கும் உரியதாகும்.